கோத்தகிரிக் குளிரில் சுருதி இறங்கும் குழல்

கோயம்புத்தூரில் சுருதி சரியாகச் சேர்ந்த உங்கள் பையனின் புல்லாங்குழல், கோத்தகிரியில் காலைச் சாதகத்தின்போது சுருதிப்பெட்டிக்கு (ஆதார சுருதியை ஒலிக்கும் பெட்டி) கீழேயே நிற்கிறது, வேறு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, குழல்மேல் குற்றமில்லை.

பலரும் மலை உயரத்தைச் சொல்வார்கள், அது இல்லை. காற்றழுத்தம் குறைந்தாலும் ஒலியின் வேகம் மாறாது, வெப்பம்தான் மாற்றும். 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 10 டிகிரியில் 337. கணக்குப்படி 45 சென்ட் இறக்கம் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே 100 சென்ட்). மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் பெரும்பாலும் வாய்ப்பக்கம்தான். கடைக்கோடி குளிர்ந்தே கிடப்பதால் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) கூடுதலாக இறங்கும்.

வாசிக்கும் முன் விரல்துளைகளை மூடி, சத்தம் எழாமல் 5 நிமிடம் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம், வெளியே சூடு என்றால் மூங்கில் விரிசல் விடும். மீதி இறக்கத்துக்குச் சுருதிப்பெட்டியையே நுணுக்கமாகக் குறையுங்கள்.

பையன் குழலை வெளிப்பக்கம் உருட்டிச் சுருதியை ஏற்றப் பார்ப்பான், விடாதீர்கள். நாதம் காற்றடித்துப் போகும், ஸ்தாயிகள் ஒன்றுக்கொன்று சேராது. பழகிவிட்டால் சமவெளிக்கு இறங்கியதும் எல்லாமே ஏறி ஒலிக்கும். வயலின் கூட இருந்தால், சூடேறிய குழலுக்கு வயலினைச் சேர்க்கட்டும்.