எட்டு இலக்கும் ஒரே விடியற்காலையும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. லீ பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 29. திருமணமாகி ஒரு பெண் குழந்தை. காலை ஒன்பதுக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஞாயிறு மட்டும் லீவு.

ஒவ்வொரு மார்கழியிலும் கடையில் கொடுக்கும் டைரியின் முதல் பக்கத்தில் அடுத்த வருட இலக்குகளை எழுதுவேன். இந்த முறை எட்டு: குரூப் 4 தேர்ச்சி, பத்து கிலோ எடை குறைப்பது, ஆங்கிலம் பேசப் பழகுவது, 25 புத்தகம், ஒரு லட்சம் சேமிப்பு, தினமும் யோகா, போனைக் குறைப்பது, சைக்கிளில் ஏற்காடு ஏறுவது. பொங்கல் வரை எல்லாம் நடக்கும். அப்புறம் அந்த டைரி பால் கணக்கு எழுதப் போய்விடும்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் படிப்பை முடித்தவர்களில், இலக்கை எழுதி வைத்திருந்த மூன்று சதவீதம் பேர் இருபது வருடம் கழித்து மற்ற எல்லோரையும் விட அதிகம் சம்பாதித்திருந்தார்கள் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். நானும் எழுதத்தானே செய்கிறேன்? 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பதினைந்தாம் நாளே அறுந்துவிடுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா அண்ணா?

ச.,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்

*

அன்புள்ள ச.,

முதலில் அந்த யேல் கதையை முடித்துவிடுவோம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. மேடைக்கு மேடை சொல்லப்பட்டதை நம்பித் தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகமும் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. பேச்சாளர்கள் இன்னும் விடவில்லை, அது அவர்கள் பிழைப்பு.

21 நாளுக்காவது ஒரு வேர் இருக்கிறது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். மூக்குக்குப் பழகுவதற்கும் குரூப் 4 படிப்பதற்கும் என்ன சம்பந்தம்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு ஊற, ஆளையும் வேலையையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடுவில் நிற்கும் எண் 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தார்கள். உங்கள் பதினைந்தாம் நாளுக்கு இது போதும்.

உங்கள் மனவுறுதியைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் காலை நேரத்தைப் பற்றித் தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடையும் தூக்கமும் போக மிஞ்சுவது ஐந்தரையிலிருந்து எட்டு வரை. குளியல், டிபன், தண்ணீர் பிடிப்பது எல்லாம் போக ஒன்றரை மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். குரூப் 4 அந்த நேரத்தைக் கேட்கிறது. யோகாவும் அதையே கேட்கிறது. எடை குறைய நடக்க வேண்டும், அதுவும் அப்போதுதான். ஆங்கிலமும் 25 புத்தகமும் இரவு ஒன்பதரைக்கு மேல் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும், ஆக அவையும் காலைக்கு வந்து நிற்கின்றன. எழுதும்போது ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

நாம் மேட்டூர் அணை இருக்கிற மாவட்டத்துக்காரர்கள், அதனால் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. ஆனால் அணையில் முதலில் பார்ப்பது நீர்மட்டத்தை. நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்ன இருக்கிறது, என்ன வரும் என்று பார்த்த பிறகுதான் தேதி. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. 2022இல் தண்ணீர் இருந்தது, மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் இல்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. அப்படித் தள்ளிப்போகிற வருடத்தில், போர்வெல் இல்லாமல் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற டெல்டா விவசாயி குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குத் தயாராவார். வருத்தத்தோடுதான். ஆனால் மிச்சமிருக்கிற மாதங்களுக்குள் இரண்டு போகத்தையும் திணிக்கப் பார்க்க மாட்டார். நீங்கள் வருடா வருடம் நீர்மட்டம் பார்க்காமல் எட்டு மதகையும் ஜனவரி ஒன்றாம் தேதி திறக்கிறீர்கள். பொங்கலுக்கு அணை காய்கிறது.

சரி, எதை வைத்துக்கொள்வது? என்னைக் கேட்டால் தேர்வு முடியும் வரை காலை நேரம் முழுக்கக் குரூப் 4க்கு மட்டும். 2024இல் ஜூன் 9, 2025இல் ஜூலை 12 என்று தேர்வு வருட நடுவில்தான் வந்தது, டி.என்.பி.எஸ்.சி. வெளியிடும் ஆண்டுத் திட்டத்தில் உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'தேர்ச்சி' என்று மட்டும் டைரியில் எழுதாதீர்கள். 2024இல் 15 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு அது, வேலை கிடைப்பது உங்கள் ஒருவர் கையில் இல்லை. 200 கேள்வியில் 100 தமிழ், பத்தாம் வகுப்புத் தரம். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. ஆறிலிருந்து பத்து வரை தமிழ்ப் பாடநூல்களை மார்ச்சுக்குள் ஒரு சுற்று முடிப்பேன் என்று எழுதினால், முடித்தோமா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'பால் காய்ச்சி இறக்கியதும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு இயல்' என்கிற மாதிரி. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்டவர்கள், வெறுமனே செய்வேன் என்றவர்களை விட அதிகம் செய்து முடித்தார்கள்.

சேமிப்புக்கு நேரம் வேண்டாம், மாதம் 8,333 ரூபாய் வேண்டும். சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. முடியுமென்றால் சம்பளம் வந்த மறுநாளே பிடித்துக்கொள்கிற மாதிரி வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போட்டுவிடுங்கள், பட்டியலிலிருந்து அது போய்விடும். முடியாதென்றால் முடிகிற தொகையை எழுதுங்கள். போனை இரவு ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள், அதற்கு ஒரு இலக்கு தேவையில்லை. யோகா, ஆங்கிலம், 25 புத்தகம் மூன்றையும் அடித்துவிடுங்கள். புத்தகத்தை எண்ணிப் படிப்பது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் மனைவி 'திருமணமாகி' என்ற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டார். காலை ஆறு மணிக்குக் குழந்தை எழுந்து அழுதால் யார் தூக்குவது? உங்கள் ஒன்றரை மணி நேரம் அவர் நேரத்திலிருந்து வருவது. அவருக்கும் ஒரு குரூப் 4 இருக்கலாம், ஒரு தையல் வகுப்பு இருக்கலாம், வெறும் தூக்கம் கூட இருக்கலாம். டைரியில் பேனா வைக்கும் முன் அவரிடம் கேளுங்கள். தேர்வுக்குப் பிறகு அந்தக் காலை நேரம் யாருக்கு என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஏற்காடுதான். அதற்குத் தினக் காலை நேரம் வேண்டாம், ஞாயிறு போதும். எடைக்கும் அதுவே ஏதாவது செய்யும். ஆனால் சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500ஐ ஒட்டி. ஒரே மூச்சில் ஏறப் பார்த்தால் அன்றோடு சைக்கிள் பரணுக்குப் போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறும் முன் அடிவாரத்திலிருந்து ஐந்தாவது வளைவு வரை போய்த் திரும்புங்கள். அடுத்த முறை எட்டு, அப்புறம் பத்து. மே மாதம் வேண்டாம், கோடை விழாவுக்கு வருகிற கார்களுக்கு நடுவில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. மழைக்காலமும் வேண்டாம், மண் சரியும். போவதற்கு முன் பிரேக் கட்டைகளை மாற்றிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ரிம் கொதித்துவிடும்.

அன்புடன்.