பைபாஸுக்குப் பிறகு 21 கிலோமீட்டர்: வாட்ச் சொல்லும் துடிப்பை நம்பலாமா?

கேள்வி: வயது 51, ஊர் திருச்சி. பைபாஸ் செய்து 5 மாதம் ஆகிறது. முன்பு 10 கி.மீ. ஓட்டங்களில் கலந்துகொள்வேன். இப்போது தினமும் 5 கி.மீ. நடக்கிறேன். போன வார டிஎம்டியில் (டிரெட்மில்லில் நடக்க, ஓட வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) 9 மெட்ஸ் (உழைப்பை அளக்கும் அலகு) வரை ஈசிஜி மாற்றமோ நெஞ்சுவலியோ இல்லை. ஓட ஆரம்பிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். 7 மாதம் கழித்து அரை மாரத்தான் ஓட ஆசை. வேகமாக நடந்தாலும் வாட்சில் துடிப்பு 105-ஐத் தாண்டவில்லை. வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். பைபாஸ் செய்தவர்கள் பெரும்பாலும் மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்கள். உங்கள் சீட்டிலும் அது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இதயம் எவ்வளவு பாடுபட்டாலும் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. உச்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. துடிப்பு ஏறட்டும் என்று ஓடும் நாளில் மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து வேறில்லை. திடீரென நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் அந்த 9 மெட்ஸ்தான். சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் சக்தி 1 மெட். மணிக்கு 6 கி.மீ. நடைக்குச் சுமார் 4.5 ஆகும். மணிக்கு 8 கி.மீ. ஓட்டத்துக்கு ஏறக்குறைய 8.5. அதாவது, மெதுவோட்டம் என்று நீங்கள் நினைக்கும் வேகமே உங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. நீண்ட தூரத்துக்கு உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் போதும். உங்களுக்கு அது 5.4 முதல் 6.3.

ஆகவே ஓட்டத்தையும் நடையையும் கலந்துதான் போக வேண்டும். 1 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை என்றால் சராசரி 5.5 மெட்ஸ். வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், 30 நிமிடம், முதல் 4 வாரம் இதுவே. பிறகு 1-க்கு 2, சராசரி 5.8 ஆகும். 1-க்கு 1 என்றால் 6.5-ஐத் தொடும். அடுத்த டிஎம்டியில் 10 மெட்ஸ் தாண்டாமல் அதற்குப் போகவேண்டாம். ஓடும்போது ஒரு திருக்குறளின் இரண்டு அடியையும் நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல வர வேண்டும். வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

அந்த 3 நாளில் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் நீளமாக்கி, வாரம் 1 கி.மீ. கூட்டுங்கள். நான்காவது வாரம் கூட்டாமல் கொஞ்சம் குறையுங்கள். 18 வரை போனால் போதும். 1-க்கு 2 கணக்கில் 21.1 கி.மீ. முடிக்க 3 மணி 10 நிமிடம் ஆகும். பணம் கட்டும் முன் பந்தயத்தின் கால வரம்பைப் பார்த்துவிடுங்கள். 3 மணி நேரம்தான் என்றால், இந்த வருடம் 10 கி.மீ. ஓடுவதே புத்திசாலித்தனம்.

ஓடி முடித்ததும் சட்டென நின்றுவிடாதீர்கள். ரத்தம் காலில் தேங்கும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றி விழுவீர்கள். 10 நிமிடமாவது நடந்து தணியுங்கள். முழங்கால் வலித்தால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். இரண்டு தொடையும் ஒரேபோல் கனத்து வலிப்பது கொழுப்பு மாத்திரையாலும் இருக்கலாம். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

திருச்சி வெயிலுக்கு விடிவதற்குள் முடித்துவிடுவது நல்லது. முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் வேர்வை. எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் உப்பு குறையும், அதுவும் ஆபத்துதான்.

தண்டால் இப்போதைக்கு வேண்டாம். அறுவை செய்த டாக்டர் சொல்லட்டும். அறுவையில் பிளந்த நெஞ்செலும்பு 3 மாதத்தில் பெரும்பாலும் கூடிவிடும் என்றாலும், திரும்பும்போதோ இருமும்போதோ நடுநெஞ்சில் 'கடக்' என்று கேட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள்.

நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது இடது கை வலி, குளிர் வேர்வை, தாறுமாறான படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள். நாக்கடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால் உட்கார்ந்த பிறகே வையுங்கள். நின்றபடி வைத்தால் மயக்கம் வரும். 5 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. மருந்துப் பட்டியலும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும்.