அக்காவுக்குச் செய்தது எனக்கு வேண்டாம் என்றால், அப்பா ஏன் இவ்வளவு வருந்துகிறார்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 29 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் எனக்குத் திருமணம். நானும் அவரும் விரும்பி, இரு வீட்டாரும் மனமொத்துச் சம்மதித்த திருமணம் என்பதால் அந்த வகையில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் முழுவதும் செலவைப் பற்றியது.

எங்கள் இருவருடைய சேமிப்பையும் கூட்டிப் பார்த்து, திருமணத்துக்குப் பிறகு வீடு எடுத்துக் குடியேறுவதற்குத் தேவையானதைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய தொகைக்குள் எளிமையாகத் திருமணத்தை முடித்துக்கொள்வது, ஒரு காசுகூடக் கடன் வாங்குவதில்லை என்று நானும் அவரும் பேசி முடிவெடுத்தோம். அவர் வீட்டில் இதற்கு மறுப்பு இல்லை. மறுப்பு என் அப்பாவிடமிருந்துதான் வருகிறது.

அக்காவின் திருமணம் ஏழு ஆண்டுகளுக்கு முன், பெரிய மண்டபத்தில், இரு பக்க உறவும் ஒன்றுவிடாமல் கூடி, வந்தவர்கள் இன்றும் பேசும்படி நடந்தது. அதற்காக வாங்கிய கடனை அப்பா சென்ற ஆண்டு ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் அடைத்து முடித்தார். நீளமான ஒரு கணக்கு நோட்டில் மாதவாரியாகக் கட்டம் போட்டு, தவணை கட்டிய அன்று இரவு அந்தந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு சரிக்குறி போடுவது அவர் வழக்கம். இப்போது அதே நோட்டில் புதுப் பக்கம் ஒன்றில் என் பெயரை எழுதி, அக்கா திருமணத்தின் செலவுகளை அப்படியே வரிசையாக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைய விலையைக் குறித்து வைத்திருக்கிறார். ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, போதாததற்குக் கடன் வாங்கலாம் என்பது அவர் எண்ணம். "பெரியவளுக்குச் செய்ததைச் சின்னவளுக்குச் செய்யவில்லை என்று நாளைக்கு ஒருவர் என்னைக் கேட்கக்கூடாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். "வீட்டில் இதுதான் கடைசிக் கல்யாணம், இதில் போய்க் குறை வைக்கலாமா?" என்று அத்தையும் அவருக்குத் துணையாகப் பேசுகிறார்.

சென்ற வாரம் பேச்சு முற்றியபோது, "உங்கள் கௌரவத்துக்காக என் கல்யாணத்தை நடத்த வேண்டாம்" என்று சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து என்னிடம் எதுவும் சொல்லாமல் மண்டபங்களைப் பார்த்துவிட்டு வருகிறார். ஒரு மண்டபத்துக்கு இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். எளிய திருமணம்தான் வேண்டும் என்று எல்லோரிடமும் உறுதியாகப் பேசுகிற நான், சில இரவுகளில் அக்காவின் திருமண ஆல்பத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோழிகளின் திருமணப் படங்கள் கைப்பேசியில் வரும்போது நெஞ்சில் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது. இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. சில நாட்களாகத் தூக்கமும் சரியில்லை. அப்படியானால் நான் பேசுகிற எளிமை வெறும் பாசாங்கா? அப்பாவை நோகடிக்காமல் எப்படிப் பேசுவது? விட்டுக்கொடுப்பதா, உறுதியாக நிற்பதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் இல்லாமல், கையில் இருப்பதற்குள், திருமணத்துக்குப் பின்னால் வரும் வாழ்க்கைக்கும் எடுத்துவைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்ல முடிவு. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது பணத்தைப் பற்றிய வாக்குவாதம் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே பணக் கணக்கைக் காட்டி அதைத் தீர்க்கவும் முடியாது.

உங்கள் அப்பா கௌரவத்துக்காகச் செலவு செய்ய நினைக்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு அதுவும் இருக்கலாம். ஆயினும், ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் சிவப்பு மையால் சரிக்குறி போட்டுக் கடனை அடைத்த ஒருவருக்குக் கடனின் பாரம் உங்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் இன்னொரு முறை அதைச் சுமக்க முன்வருகிறார் என்றால், அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அவரை அச்சுறுத்துகிறது. அது என்ன என்பதை அவரே சொல்லியிருக்கிறார்: "நாளைக்கு ஒருவர் என்னைக் கேட்கக்கூடாது." அந்த 'ஒருவர்' உறவினர்களில் யாரோ என்று நீங்கள் கொள்கிறீர்கள். எனக்கென்னவோ, அது நீங்களாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. இரண்டு மகள்களுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் செய்ய வேண்டும் என்பது ஒரு தகப்பனின் மனத்தில் மிக ஆழமாக இருக்கும் கடமை உணர்வு. பத்து ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு மனத்தாங்கலின்போது, "அக்காவுக்கு மட்டும் செய்தீர்கள்" என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற அச்சம் அவருக்கு இருக்குமானால், "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அது அவர் காதில் தியாகமாகத்தான் விழும். அதிலும், ஆல்பம் இருந்த இடம் மாறியிருப்பதை ஒரே வீட்டில் இருப்பவர் கவனிக்காமல் இருப்பாரா?

ஆகவே அப்பாவிடம் பேசுவதற்கு முன், நீங்கள் உங்கள் மனத்தோடு பேசி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் எளிமை பாசாங்கு அன்று. ஒன்றை யோசித்து வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் அதன்மேல் ஆசை மிச்சமிருப்பது மனித இயல்பு. முடிவு சரியானதாக இருக்கும்போதே, இழப்பதற்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்யலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954ஆம் ஆண்டிலேயே விளக்கியபடி, திட்டவட்டமான அளவுகோல் இல்லாத இடங்களில் மனிதர்கள் தங்களுக்கு நெருக்கமான, தங்களை ஒத்தவர்களோடு ஒப்பிட்டுத்தான் தங்களை எடைபோட்டுக்கொள்கிறார்கள். ஒரு திருமணம் நன்றாக நடந்ததா என்பதை அளக்கக் கருவி ஏதும் கிடையாது. ஆதலால் உடன்பிறந்தவளின் ஆல்பமே உங்களுக்கு அளவுகோலாகிறது.

அடுத்த முறை அந்த ஆல்பத்தைத் திறக்கும்போது இரவில் தனியாக அன்றி, பகலில், நீங்கள் மணக்கப்போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். எந்தப் படத்தில் உங்கள் கண் நிற்கிறது என்று கவனியுங்கள். மண்டபத்தின் அகலத்திலா, மேடை அலங்காரத்திலா, அல்லது எல்லோரும் ஒரே இடத்தில் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு படத்திலா? என் அனுபவத்தில், இப்படிக் கேட்கப்பட்டவர்கள் பலரும் காட்டுகிற படம் பெரும்பாலும் செலவில்லாத ஒன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அப்படி இல்லாமல், அலங்காரம்தான் வேண்டும் என்று தோன்றினாலும் தவறில்லை. அப்படியானால் வேறு எதையாவது குறைத்துக்கொண்டு அதற்குச் செலவிடுங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் என்றால் ஆசையே கூடாது என்று பொருளன்று. நீங்கள் மறைத்துவைத்திருக்கும் இந்த ஏக்கத்தை அவரிடம் சொல்வது மிக முக்கியம். பணத்தைப் பற்றி நெஞ்சில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாகப் பேசும் பழக்கம் திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிடக் கூடாது.

அப்பாவின் நோட்டில் உள்ள அந்தப் புதுப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஒரு சோதனையை விவரிக்கிறார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு இருக்கும் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நிற்கக் கண்டவர்களின் இடைநிலை மதிப்பீடு 25 ஆகவும், 65இல் நிற்கக் கண்டவர்களின் மதிப்பீடு 45 ஆகவும் இருந்தது. கேள்விக்குச் சற்றும் தொடர்பில்லாத எண்கூட, முதலில் கண்ணில் பட்டுவிட்டால், மனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அக்காவின் திருமணச் செலவுப் பட்டியல் உங்கள் வீட்டில் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதிலிருந்து தொடங்கினால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது 'குறைத்தது' என்றே தோன்றும். ஆகவே அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டிருக்காதீர்கள். வேறொரு வெள்ளைத்தாளில், முதல் வரியில் கையிலுள்ள தொகையையும், இரண்டாம் வரியில் எத்தனை பேரை அழைப்பது என்பதையும் எழுதுங்கள்.

இந்த இரண்டாம் வரிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மண்டபத்தின் அளவு, விருந்து, இருக்கைகள், அழைப்பிதழ் என ஏறக்குறைய எல்லாச் செலவும் தலைக்கணக்கில்தான் பெருகுகிறது. நானூறு பேருக்கு எல்லாவற்றையும் மலிவாகச் செய்வதைவிட, நூறு பேரை மனம்நிறைய உபசரிப்பது மேல் என்பது என் கருத்து. பெயர்ப் பட்டியல் போடும்போது, 'அழைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்' என்று கேட்காமல், 'இவர் வராவிட்டால் அன்று எனக்குக் குறையாக இருக்குமா' என்று கேட்டுப் பாருங்கள். அதோடு, கையிலுள்ள தொகை முழுவதையும் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியை எதிர்பாராத செலவுகளுக்கென்று தொடாமல் வையுங்கள். மனிதர்கள் தங்கள் சொந்தத் திட்டங்களைப் பற்றி எப்போதும் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் கணக்குப் போடுகிறார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். செலவுத் திட்டங்களிலும் இதே போக்குத்தான்.

பெரிதாகச் செய்தால்தான் இல்லறம் நன்றாக அமையும் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி 2015இல் வெளியிட்ட ஆய்வில், திருமணத்துக்கு மிக அதிகமாகச் செலவிட்டவர்களிடையே மணமுறிவு கூடுதலாகவும், நிறையப் பேர் வந்து வாழ்த்திய திருமணங்களில் அது குறைவாகவும் காணப்பட்டது. செலவுதான் முறிவுக்குக் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. கூட்டத்தைச் சுருக்கச் சொன்ன என் யோசனைக்கு இந்த ஆய்வின் பிற்பகுதி ஒத்துவரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நிறையப் பேர் சூழ இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், விருந்தையும் அலங்காரத்தையும் மிக எளிதாக்கிக்கொண்டு பலரையும் அழைப்பதும் ஒரு வழிதான்.

இனி அப்பா. உறவினர்கள் இல்லாத, அவசரமில்லாத ஒரு நேரத்தில் அவரோடு தனியாக உட்காருங்கள். பேச்சைச் செலவிலிருந்து தொடங்காதீர்கள். "அக்காவுக்கும் எனக்கும் நீங்கள் வித்தியாசம் பார்த்ததே இல்லை, அது எனக்குத் தெரியும். நாளைக்கு யார் கேட்டாலும் நான் கேட்க மாட்டேன். அக்காவின் கல்யாணத்தைப் பார்த்து எனக்கும் ஆசை வந்ததுண்டு. ஆனாலும் நீங்களும் அம்மாவும் கடன் இல்லாமல் இருப்பதுதான் எனக்கு நீங்கள் செய்கிற சீர் என்று நினைக்கிறேன்" என்பதுபோல, உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள். ஆசை இருந்ததை ஒப்புக்கொண்டு பேசும்போதுதான், வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை அவரால் நம்ப முடியும். பிறகு அவரைப் பேச விடுங்கள். இடையில் மறுப்புச் சொல்லாதீர்கள். முதல் நாளே அவர் இசைய வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அக்காவின் திருமணம் பலமுறை வருகிறது, அக்கா ஒருமுறைகூடப் பேசவில்லை. அவரிடம் பேசினீர்களா? தன் திருமணக் கடனை அப்பா இத்தனை ஆண்டுகள் சுமந்ததைப் பற்றி அவர் மனத்திலும் ஏதாவது இருக்கும். அவரைத் தூது அனுப்ப வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சில் அவருக்கும் இடம் உண்டு. அத்தைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "நாங்கள் எல்லோரும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம் அத்தை, நீங்கள் முன்னால் நின்று நடத்திக்கொடுங்கள்" என்பது போதும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, அதனுடன் பசியின்மையோ எதிலும் பிடிப்பின்மையோ சேர்ந்தாலோ, கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

விட்டுக்கொடுப்பதா, உறுதியாக நிற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்குவதில்லை, ஓய்வுக்காலப் பணத்தைத் தொடுவதில்லை என்பதில் உறுதியாக இருங்கள். அந்தத் தொகை அவர்களுடைய முதுமைக்கானது. தொகைக்குள் அடங்குகிற எதிலும் தாராளமாக விட்டுக்கொடுங்கள். விருந்தையோ வரவேற்பையோ ஒரு தொகை குறித்து அப்பாவிடமே ஒப்படைத்து, அதன் பிறகு அதில் தலையிடாமல் இருங்கள். உங்களுக்கென்று ஏதேனும் தந்தே தீருவேன் என்று அவர் விரும்பினால், தன் சேமிப்பு குலையாத ஒரு சிறு தொகையை அவரே சொல்லட்டும், அதை மனமுவந்து பெற்றுக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு மாத இறுதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்பதால், இந்த வாரத்திலேயே அவரிடம் பேசிவிடுங்கள். பேச்சு முடிவுக்கு வரும்வரை முன்பணம் மட்டும் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தவறினால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆலோசகர்