வாசகர் கேள்வி – பதில்: தவறை ஏற்ற பின்னும் ஏன் தாமதம்?

கேள்வி: பிரித்தானியாவில் நோய்த்தொற்றுள்ள குருதியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்குவதாக அரசாங்கமே அறிவித்த பின்னரும், அது கைக்குக் கிட்டாமலே பலர் இறந்துபோனதாக வானொலியில் கேட்டேன். வசதி படைத்த நாட்டில் ஏன் இந்தத் தாமதம்?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: அது பணமில்லாமல் வந்த தாமதமன்று. 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, அந்நாட்டு அரச மருத்துவ சேவையில் சிகிச்சை பெற்ற 30,000க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் கிருமிகள் தொற்றின. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். குருதி உறையாமை நோயாளருக்கு வழங்கிய மருந்தின் கணிசமான பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. பணத்துக்காகக் குருதி கொடுத்த சிறைக்கைதிகள் உட்பட ஆயிரக்கணக்கானோரிடம் பெற்றதை ஒன்றாகக் கலந்து தயாரித்ததால், ஒருவரின் கிருமியே முழுத் தொகுதியையும் கெடுக்கப் போதுமாயிருந்தது. ட்ரெலோர்ஸ் என்ற பாடசாலையில் குருதி உறையாமை நோயுடன் பயின்ற 122 பிள்ளைகளில் சுமார் 30 பேரே 2024இல் எஞ்சியிருந்தார்கள்.

இதுபற்றி ஆராய்ந்த, முன்னாள் நீதிபதி சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை, நட்டஈட்டுத் திட்டத்தை உடனே தொடங்குமாறு 2023 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. அரசாங்கமோ இறுதி அறிக்கை வரட்டும் என்றிருந்தது. 2024 மே 20இல் அது வெளியானபோது பிரதமர் ரிஷி சுனக் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு ஒக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,180 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. முன்னதாக 2022இல் ஒரு பகுதியினருக்கு இடைக்காலக் கொடுப்பனவு கிடைத்தது உண்மைதான். ஆயினும் 2025 ஜூலை வரை முழு நட்டஈடு பெற்றவர்கள் 460 பேர் மாத்திரமே. தாமாக விண்ணப்பிக்க வழியின்றி, அதற்கென அமைத்த அதிகாரசபை அழைக்கும்வரை பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது; இந்த நடைமுறை அவர்களுக்கு மேலும் தீங்கிழைத்துவிட்டதென அம்மாதம் விசாரணைக் குழுவே அறிக்கையிட்டது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. சுகாதாரத் திணைக்களத்தின் ஆவணங்கள் சில வேண்டுமென்றே அழிக்கப்பட்டதாக அவ்விசாரணை கண்டறிந்தது; பலரது மருத்துவப் பதிவேடுகளும் காணாமற்போயிருந்தன. ஆவணத்தைக் காக்கத் தவறிய அரசே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நோயாளியிடம் ஆதாரம் கேட்பது எந்த வகையில் நியாயம்? சந்தேகத்தின் பலனை நோயாளிக்கு வழங்கி, முதியோரையும் நோய் முற்றியவர்களையும் முதலில் அழைத்திருந்தால், இவ்வளவு பேர் வெறுங்கையுடன் போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி: 2023இல் நுவரெலியாவிலும் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட சொட்டு மருந்தால் சிலரது பார்வை பாதிக்கப்பட்டதே. நம்மவருக்கு இத்தகைய பாதிப்பு நேர்ந்தால் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: இறக்குமதியான மருந்தினால் நேர்ந்த அச்சம்பவம் நம் மக்களுக்கு நன்கு நினைவிருக்கும். இங்கே முதற்பகை காலம்தான். சேதத்துக்கான சிவில் வழக்கை பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றத்தில் இடும் அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதமே உண்டு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நடைபெறும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஒரு நாள் பேரை (சம்பளத்தை) இழந்து நகரத்துக்குச் சென்றுவரும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு மாதம் எவ்வளவு விரைவாகக் கழியும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இதை மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுப்பியே ஆக வேண்டும்.

ஆகவே கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்துச் சீட்டு, கிடைத்தால் மருந்துப் போத்தல் ஆகியவற்றை வீசாமல் வைத்திருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையிலுள்ள உங்கள் பதிவேட்டின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எந்தக் கடிதத்தைக் கையளித்தாலும், திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறாமல் திரும்பாதீர்கள்.