அன்புக்கு ரசீதா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பெண்களின் வீட்டுவேலையையும் பொருளியல் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிற பெண்ணியப் பொருளியல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பொருளியல் கணக்கு சார்ந்த துறை. சமன்பாட்டில் ஆண் என்ன, பெண் என்ன? வீட்டுவேலைக்கு விலை போட ஆரம்பித்தால் நாளை அன்புக்கும் ரசீது கேட்க மாட்டார்களா? குடும்பத்துக்குள் சட்டம் ஏன் நுழைய வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

சரி, அந்தச் சமன்பாட்டை எழுதுவதற்கு முன்னால் எதையெல்லாம் அனுமானித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். குடும்பத்தைப் பொருளியலுக்குள் கொண்டுவந்த அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1992-ல் நோபல் பரிசு பெற்றவர். குடும்பம் இயங்கும் விதத்தை விளக்க அவர் போட்ட கணக்கு மாதிரியில் குடும்பத்துக்குப் பாசமுள்ள தலைவர் ஒருவர் உண்டு. எல்லோர் நலனையும் அவரே பார்த்துக்கொள்வார். அதனால் பணம் யார் கைக்கு வந்தாலும் செலவாகும் விதம் ஒன்றுதான். கேட்டு வாங்கும் கூச்சத்துக்கும் பயத்துக்கும் அங்கே இடமே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க பிரிட்டனில் ஒரு வாய்ப்பு அமைந்தது. பிள்ளைகளுக்கான உதவியில் ஒரு பகுதி அதுவரை அப்பாவின் வரிச்சலுகையாகப் போய்க்கொண்டிருந்தது. 1970-களின் கடைசியில் அதை அம்மா கையில் நேரடியாகக் கொடுக்கும் தொகையாக மாற்றினார்கள். ஷெல்லி லுண்ட்பெர்க், ராபர்ட் போலக், டெரன்ஸ் வேல்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள்: ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால், பெண்களின் உடைக்கும் பிள்ளைகளின் உடைக்கும் ஆன செலவு கூடியிருந்தது. பணத்தை வாங்கும் கை மாறியதும் செலவும் மாறிவிட்டது.

சட்டம் ஏன் நுழைய வேண்டும் என்கிறீர்கள். அது எப்போதோ நுழைந்துவிட்டது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவி விபத்தில் இறந்தால், இழப்பீட்டைக் கணக்கிட, அவள் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. இரண்டு பெண்கள் ஒரே மாதிரி சமைத்து, ஒரே மாதிரி பிள்ளை வளர்த்திருந்தாலும், ஒருத்தியின் கணவன் அதிகாரி, இன்னொருத்தியின் கணவன் கூலித் தொழிலாளி என்றால் இழப்பீடு வேறு வேறு. அவர்கள் செய்த வேலை கணக்கிலேயே வரவில்லை! இதை மறுபரிசீலனை செய்யும்படி 2010-ல் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வகையில் சேர்த்ததையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

வீட்டுவேலைக்கு மணிக்கணக்கில் கூலி போடுவதை நானும் விரும்பவில்லை. அதற்குக் காரணம் அன்பு அல்ல. சந்தை விலையை அளவுகோலாக்கினால், வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்கு இன்று கொடுக்கிற அடிமட்டக் கூலியே மனைவிக்கும் மதிப்பாகிவிடும். நான் கேட்பது சொத்தில் பங்கு. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அவள் வீட்டைச் சுமந்ததால்தான் அவனால் போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதன் வாதம்.

ஆனால் இல்லத்தரசியின் உழைப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொதுவானது. அந்தப் பாதுகாப்பு மற்ற மாநிலங்களிலும் சட்டமாக வர வேண்டும். அதுவரை ஒரு பெண்ணின் பங்கு, அவள் வழக்கு எந்த நீதிபதி முன் வருகிறது என்பதைப் பொறுத்தே இருக்கும்.