துருவ ஒளி பார்க்க எந்தக் கிழமை?

ஐயா,

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மகள் குடும்பத்தோடு ஒஸ்லோவில் இருக்கிறாள். ஓகஸ்ட் 12இல் போய் செப்டெம்பர் 10இல் திரும்ப எண்ணம். போன கையோடு வட நோர்வேயிலுள்ள ட்ரொம்சோவுக்குக் கூட்டிப் போகிறேன், இரவு வானில் அசைந்தாடும் துருவ ஒளியும் பார்க்கலாம் என்கிறாள். கச்சான் காற்றில் கிடந்து வேகிற எங்களுக்கு அந்தக் குளிர் தாங்குமா? நான் சேலைதான் உடுப்பேன். விசாவுக்கு எப்போது கொடுக்க வேண்டும்?

ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்பின் ரீச்சருக்கு,

முதலில் ஒஸ்லோவில் நில்லுங்கள். ட்ரொம்சோவைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளுங்கள். குளிருக்காகச் சொல்லவில்லை, இருட்டுக்காகச் சொல்கிறேன். ட்ரொம்சோ வட அகலக்கோடு 69 பாகைக்கும் மேலே இருக்கிறது. ஓகஸ்ட் நடுவில் அங்கே நடுச்சாமத்திலும் சூரியன் அடிவானத்துக்கு ஆறு பாகை அளவில்தான் கீழே போகும். வானம் வெளித்தபடியே கிடக்கும். மேலே துருவ ஒளி ஆடினாலும் கண்ணுக்குப் படாது. அதன் பிறகு நாளுக்கு எட்டு ஒன்பது நிமிடமாகப் பகல் குறைந்துகொண்டு வரும். செப்டெம்பர் 7 அளவில் சூரியன் 14 பாகை கீழே போய்விடும். அந்த இருட்டுப் போதும். கோடைகால மணிக்கணக்கில் மிக இருட்டான நேரம் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி அளவில். இரவு பத்தரைக்கே படுத்துவிடாதீர்கள்.

மகள் அவசரப்படுவது பிள்ளைகளின் பள்ளிக்காக இருக்கலாம். நோர்வேயில் ஓகஸ்ட் நடுவிலேயே பள்ளி தொடங்கிவிடும். செப்டெம்பர் முதல் வார இறுதியோடு ஓரிரு நாள் பள்ளியில் அனுமதி கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். நான்கு இரவாவது வேண்டும். கடலோர ஊர், முகில் மூடினால் இரண்டு மூன்று நாள் விலகாது. அப்படி மூடினால் உள்நாட்டுப் பக்கமாக ஸ்கிபொட்ன் என்ற ஊர் வரை காரில் போகலாம். மலைகள் மழையை மறிப்பதால் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவு. ஊருக்குள்ளேயே பார்ப்பதென்றால் ஊர் அமைந்திருக்கும் தீவின் உச்சியில் உள்ள பிரெஸ்ட்வான்னெ ஏரிக்கரை நல்லது, தெருவிளக்கு குறைவு.

குளிர் தாங்கும். செப்டெம்பர் தொடக்கத்தில் பகலில் 10 பாகை செல்சியஸ் அளவு, இரவில் அதற்கும் கீழே. உறைபனிக் காலம் இன்னும் தொடங்கியிராது. வருத்துவது காற்றும் மழையும்தான். தடித்த சுவெட்டர் ஒன்றை மட்டும் நம்பிப் போனால் வீட்டுக்குள் வியர்க்கும், வெளியே காற்று அதற்குள்ளால் நுழையும். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, மேலே ஃபிளீஸ் என்கிற மெதுவான செயற்கைத் துணி மேலாடை, அதற்கு மேல் தலைமூடியோடு நீர் புகாத ஜக்கெற் என்று மூன்று அடுக்கு போதும். உள்ளடுக்கு ஆளுக்கு இரண்டு சோடி. பருத்தி பெனியன் உள்ளே வேண்டாம். ஈரமானால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். சேலையை விட வேண்டியதில்லை, உள்ளே கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மழையில் கரை நனைந்தால் கணுக்கால் விறைக்கும், ஆகவே இரவில் ஒளி பார்க்க நிற்கும்போது மட்டும் நீளக் காற்சட்டை நல்லது. சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறை திணித்தால் இரத்தோட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். இவற்றைக் கொழும்பில் தேடி அலைய வேண்டாம். ஒஸ்லோவில் பிரெடெக்ஸ் போன்ற பழைய பொருள் கடைகளில் நல்ல கம்பளி மலிவாகக் கிடைக்கும்.

அடுத்தது விசா. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டது. நோர்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. நீங்கள் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கொடுத்துவிடுங்கள், யூலை வரை இழுக்காதீர்கள். தூதரகம் இல்லாவிட்டாலும் கைரேகைக்கு இருவரும் நேரில் கொழும்பிலுள்ள விசா விண்ணப்ப நிலையத்துக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ, தங்கும் நாள் முழுவதற்கும். ஓய்வூதியம் விழும் கணக்கின் வங்கிக்கூற்று, மகளின் அழைப்பு, பிறப்புச் சான்றிதழின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு எல்லாம் தேவை.

பெயரைத்தான் மிகக் கவனமாகப் பாருங்கள். நம்மிடம் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். அங்கே கலியாணத்துக்குப் பின் மகளின் பெயர் வேறுவிதமாகப் பதிந்திருக்கலாம். மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் நோர்வேப் பதிவிலுள்ள பெயரும் வேறென்றால், இரண்டையும் இணைக்கும் விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் வையுங்கள். அது இல்லாவிட்டால் உறவை நிறுவக் கடதாசி போதவில்லை என்று ஆகிவிடும். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம், முன்பதிவு மட்டும் காட்டினால் போதும்.

ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரமளவு. தரைவழி 1,600 கிலோமீற்றருக்கு மேல், ரயிலும் அந்த ஊர் வரை போகாது, விமானமே சரி. 10ஆம் திகதி இலங்கைக்குப் பயணமென்றால் 8ஆம் திகதியே ஒஸ்லோவுக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட். வடக்கே காற்றால் விமானம் பிந்தினால் அடுத்ததைத் தவறவிட்ட நட்டம் உங்களுடையதாகிவிடும்.