மோர்னா போட்டால் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்களா?

கேள்வி: கேப் வெர்டே பாடகி செசாரியா எவோராவின் பாடல்கள் எனக்கு உயிர். அவர் பாடிய மெதுவான, சோகம் இழையும் மோர்னா இசையை என் பிள்ளைகளுக்கும் பழக்க ஆசை. மகளுக்கு 9 வயது, கர்நாடக வயலின் கற்கிறாள். மகனுக்கு 5. போட்ட உடனே "அம்மா, அழுகைப் பாட்டு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எங்கே தொடங்குவது? இவ்வளவு சோகத்தை இந்த வயதில் கேட்க விடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக விடலாம். கேப் வெர்டே தீவுகளில் கல்யாணம், ஞானஸ்நானம், வீட்டு விசேஷம் என்று எல்லாவற்றிலும் மோர்னா உண்டு. அங்கே பிள்ளைகள் அதைக் கேட்டபடியேதான் வளர்கிறார்கள். நம் தாலாட்டுகளில் இல்லாத அழுகையா?

உங்கள் பிள்ளைகள் ஓடுவதற்குக் காரணம் சோகமல்ல, வேகம் என்று நினைக்கிறேன். அதனால் மெதுவான பாட்டில் தொடங்காதீர்கள். செசாரியாவின் 1992ஆம் ஆண்டு ஆல்பமான 'மிஸ் பெர்ஃபுமாடோ'விலேயே 'அங்கோலா' என்றொரு துள்ளல் பாட்டு இருக்கிறது. முதல் வாரம் அது மட்டும் போதும். கூடத்தில் போட்டுவிட்டு ஆடட்டும் என்று விட்டுவிடுங்கள். மோர்னாவை வேகப்படுத்தியதில் பிறந்தது 'கொலடெய்ரா' என்ற ஆட்ட இசை. பிள்ளைகளை அந்த வழியில் பின்னோக்கி அழைத்து வாருங்கள்.

எப்படி என்றால், மோர்னாவுக்குப் பெரும்பாலும் நான்கு அடித் தாளம். நிமிடத்துக்கு 60ஐ ஒட்டிய மந்த நடை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து இருவரும் "த-க-தி-மி" என்று முள்ளுக்கு ஓர் எழுத்தாகத் தட்டட்டும். பிறகு அதே நேரத்தில் இரண்டு எழுத்து, அதாவது இரட்டை வேகம். மறுபடி மந்தம். ஐந்து வயதுக்காரருக்கு மந்தமாகத் தட்டுவதுதான் கஷ்டம், கை முந்தும். அந்தக் கையை அடக்கி வைப்பதே ஒரு விளையாட்டாகிவிடும். அது கைவந்த பிறகு மெதுவான பாட்டைப் போட்டுப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மெதுவான பாட்டு செசாரியாவின் 'சோடாடே'யாகவே (ஏக்கம் என்று பொருள்) இருக்கட்டும். பல்லவியில் ஒரே சொல் மூன்று முறை திரும்பி வந்து, கடைசியில் ஒரு தீவின் பெயரில் போய் நிற்கும். அந்தத் தீவுகளின் கிரியோல் மொழி தெரியாவிட்டாலும் பிள்ளைகள் இரண்டே முறையில் பிடித்துக்கொள்வார்கள். அர்த்தம் சொல்ல அவசரப்படாதீர்கள், உச்சரிப்பையும் திருத்தாதீர்கள்.

மகள் தானாகவே "இந்த அம்மா ஏன் இப்படிப் பாடுகிறார்?" என்று கேட்பாள். அன்றைக்கு உலக வரைபடத்தை விரியுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்கு மேற்கே அட்லாண்டிக்கில் கேப் வெர்டேயின் பத்துத் தீவுகள், ஒன்பதில்தான் ஆள் வசிக்கிறார்கள். மழை பொய்த்தால் பஞ்சம். 1940களில் வந்த பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பிழைக்கக் கப்பலேறியவர்கள் அநேகம். பாட்டில் வரும் சாவ் நிக்கோலாவ் தீவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் தெற்கே கினி வளைகுடாவில் உள்ள சாவ் தோமே தீவின் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதைதான் 'சோடாடே'. இரண்டு தீவுகளையும் விரலால் தொட்டு, நடுவில் கிடக்கும் கடலை அவளையே அளக்கச் சொல்லுங்கள். கேப் வெர்டேயின் பிராவா தீவில் ஃபுர்னா துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிளம்பும்போது கவிஞர் எவுஜெனியோ தவாரெஸ் (1867–1930) எழுதிய விடைபெறும் மோர்னாவைப் பாடி வழியனுப்புவது வழக்கமாக இருந்தது. இதைச் சொன்னால் போதும், "சோகமான இசை" என்று தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மறைந்த செசாரியா மேடையில் வெறுங்காலோடு நின்றது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கச்சேரிக்கு நடுவே உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பதும் அவர் வழக்கமாக இருந்தது. கச்சேரி வீடியோவை முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் யுகுலேலே இருந்தால் எடுங்கள். மோர்னாவில் சலசலக்கும் நான்கு தந்திக் கவாக்கினோவுக்கு அது நெருங்கிய சொந்தம். 1879இல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கப்பலில் ஹவாய் போனவர்கள் கொண்டுசென்ற சிறு கிட்டார்தான் அங்கே யுகுலேலே ஆனது. கவாக்கினோவுக்கு உலோகத் தந்தி, இதற்கு நைலான், அவ்வளவே. ஏ மைனர், டி மைனர், ஈ செவன் ஆகிய மூன்று கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) விநாடி முள்ளின் நடையில் மாற்றி மாற்றி மீட்டினாலே அந்த வாசனை வந்துவிடும். இசையமைப்பாளர் பி. லேசா (1905–1958) மோர்னாவுக்குள் கொண்டுவந்த இடைக்கார்டுகள், அதாவது ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நழுவ நடுவில் வரும் கார்டுகள், பெரியவர்களுக்கே சவால். இப்போது வேண்டாம்.

தூங்கும் நேரத்தில் மட்டும் போடாதீர்கள். அப்புறம் அது தூக்கப் பாட்டாகவே நின்றுவிடும். யுனெஸ்கோ 2019இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததையும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லத் தேவையில்லை, பாடப்புத்தக வாடை அடிக்கும்.

உங்கள் மகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது கேப் வெர்டேயின் சாந்தோ ஆந்தாவோ தீவின் வயலின் கலைஞர் ட்ரவாடிஞ்ஞாவை. பாட்டே இல்லாத மோர்னா. ஒரு வரியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு அவள் வாசித்துப் பார்க்கட்டும். கமகம் தானாக நுழையும். தடுக்க வேண்டாம், ஆனால் ட்ரவாடிஞ்ஞா அதே இடத்தில் வில்லை எப்படி இழுக்கிறார் என்று ஒரு தடவை கூர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.